துண்டுக்கு அடியில் ஒரு பகா எண்

வாணியம்பாடி
17 பிப்ரவரி 2025

உமைமாவுக்கு மாமூ சர்தார் பாஷா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். முறைக்குச் சொல்லிவிட்டேன். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் இனிப்பு எதுவும் இல்லை.

போன் செய்யாதே. உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் நீ வேகமாகப் பேசுவாய், நான் சத்தமாகப் பேசுவேன், நடுவில் உன் அம்மா சைரா போனைப் பிடுங்கிக்கொண்டு அழுவாள். உருது எழுத்து உனக்கு ஓடாது. இங்கிலீஷ் எனக்கு வராது. ஆகவே தமிழில், தபாலில். எழுதினது எழுதினதாக இருக்கும், பின்னால் யாரும் மாற்றிப் பேச முடியாது.

ஆம்பூரில் தவ்ஃபீக் கல்யாண விருந்தில் நீ எனக்குச் செய்ததை நினைத்தால் இன்னும் சாப்பாடு இறங்கவில்லை. தோல் வியாபாரி சுஹேல் அகமது என்ன கேட்டார்? "பாஷா பாய், உங்க மருமக கல்கத்தாவுல இதே பூட்டு ஆராய்ச்சிதானாமே. நம்ம பூட்டைக் காட்டுனீங்களா?" அவ்வளவுதான். நீ கத்தரிக்காயைத் தொட்டுக்கொண்டே, தலையைக்கூடத் தூக்காமல், "மாமூ, சொந்தமா செஞ்ச பூட்டை வீட்டு அலமாரிக்கு மாட்டுங்க. ஊருக்கு மாட்டாதீங்க" என்றாய். பந்தி முழுக்கச் சிரித்தது. அவருக்குப் போட்டி வியாபாரி ஹம்மாத் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறி, நான்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பூட்டு எப்படி வந்தது என்று நீ கேட்டாயா? இல்லை. இப்போது கேள்.

தோல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவனும் வாங்குபவனும் கையை ஒரு துண்டுக்கு அடியில் வைப்பார்கள். விரலைப் பிடித்தால் ஒரு விலை, கணுவை அழுத்தினால் ஒரு விலை. சுற்றிலும் ஊரே நிற்கும், எல்லாக் கண்ணும் துண்டின் மேல் இருக்கும், ஒருவனுக்கும் விலை தெரியாது. தரகன் நான் நடுவில் நிற்பேன். துண்டுக்கு அடியில் என் கையும் இருக்கும். நாற்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.

கொரோனா வந்தது. யாரும் யார் கையையும் தொடத் தயாரில்லை. அந்த பக்ரீத்துக்கு ஊர் கொடுத்த குர்பானி தோல் மதரசா வாசலில் மலையாகக் கிடந்தது, விலை பேசத்தான் கை இல்லை. வெயிலில் நாறி, கடைசியில் குழி தோண்டிப் புதைத்தார்கள். தாய் தகப்பன் இல்லாத யத்தீம் பிள்ளைகள் சாப்பிட வேண்டிய சோறு அது. அடுத்த பக்ரீத்துக்குள் நான் பூட்டைச் செய்து முடித்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய புத்தகக்கடைப் புத்தகம், பழைய கம்ப்யூட்டர், என் தலை.

ஒவ்வொரு மதரசாவுக்கும் ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டு என்பது முன்னூறு இலக்கத்துக்கு மேல் போகும் ஒரு எண். அதை வாட்சப் குரூப்பில் எல்லோர் கண்ணுக்கும் தெரியப் போட்டுவிடுவோம். வியாபாரி தன் விலையை அந்த எண்ணால் பூட்டி அதே குரூப்பில் போடுவான். பார்க்கலாம், திறக்க முடியாது. சாவி மதரசா செக்ரட்டரியிடம். பக்ரீத் அன்று சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் திறந்து, ஜெயித்த விலையை மட்டும் சொல்வார். நான்கு வருஷமாக ஒரு புகார் இல்லை.

இதோடு இரண்டு பூட்டு எண்களை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து வைத்திருக்கிறேன். ஒன்று, உமர் ஃபாரூக் செக்ரட்டரியாக இருக்கும் எங்கள் மதரசாவுடையது. இன்னொன்று பேரணாம்பட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லைப் பூட்டியிருக்கிறேன். திற. முடியாவிட்டால் வாணியம்பாடிக்கு வந்து சுஹேல் முன்னாலும் ஹம்மாத் முன்னாலும் நின்று, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று சொல்.

சர்தார் பாஷா


கொல்கத்தா
28 பிப்ரவரி 2025

மாமூ, வ அலைக்கும் ஸலாம்.

முதலில் மன்னிப்பு. பந்தியில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சரியான விஷயத்தைத் தப்பான இடத்தில் சொன்னேன். தண்ணீர் கொடுத்தது நீங்கள் என்று எனக்குத் தெரியாது.

இப்போது அடுத்தது. நீங்கள் பூட்டி அனுப்பிய முதல் சொல் "முடியாது". இரண்டாவது சொல் "பேட்டீ", மகளே. சேர்த்துப் படித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு பயமாக இருந்தது.

மாமூ, பூட்டின் அடிப்படை கச்சிதமாக இருக்கிறது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி ஒரு எண் செய்திருக்கிறீர்கள். பெருக்கிய எண்ணை ஊருக்கே காட்டலாம். அதைப் பிரித்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்க என்னிடம் இருக்கும் கம்ப்யூட்டர்களால் ஆகாது. நீங்கள் ஒரே ஒரு பூட்டை அனுப்பியிருந்தால் நான் தோற்று, ஊருக்கு வந்து மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

ஆனால் இரண்டு அனுப்பினீர்கள். உமர் ஃபாரூக் சாச்சாவின் பூட்டிலும் பேரணாம்பட்டுப் பூட்டிலும் ஒரு பகா எண் பொதுவாக இருக்கிறது. பிரிப்பதுதான் கஷ்டம். இரண்டு எண்களுக்குப் பொதுவானது எது என்று பார்ப்பது சுலபம், ஆறாம் வகுப்பு மீப்பெரு பொதுக் காரணிக் கணக்கு. எண்களைத் தட்டச்சு செய்யத்தான் நேரம் பிடித்தது. கணக்கு கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது. பொதுவான எண் கிடைத்ததும் இரண்டு பூட்டும் திறந்துகொண்டன.

அம்மீயிடம் சொல்லி குரூப்பில் இருக்கும் மற்ற மதரசாக்களின் பூட்டுகளையும் அனுப்பச் சொன்னேன். எல்லாவற்றிலும் அதே எண். குரூப்பில் இருக்கும் யார் வேண்டுமானாலும், இந்த ஒரு கணக்கு தோன்றினால், எல்லா விலையையும் முன்கூட்டியே படிக்கலாம்.

என் வேலையே இதுதான் மாமூ. உலகத்தில் பொதுவில் கிடக்கும் பூட்டு எண்களைக் கோடிக்கணக்கில் சேகரித்து, எதுவும் எதோடும் பகா எண்ணைப் பகிர்கிறதா என்று பார்க்கிறோம். அவசரமாகச் செய்த கருவிகளில் இது நிறைய அகப்படுகிறது. ஓட்டையைக் கண்டுபிடித்தால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பூட்டின் சொந்தக்காரருக்கு முதலில் சொல்வோம். திருத்திக்கொள்ளத் தொண்ணூறு நாள் கொடுப்போம். அதற்குப் பிறகு, திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் வெளியிடுவோம். இல்லாவிட்டால் ஒருவரும் திருத்துவதில்லை.

இன்றிலிருந்து எண்ணினால் மே 29. பக்ரீத்துக்கு முன்பே வருகிறது. என்னோடு வேலை செய்யும் ஜெயப்பிரகாஷும் கணக்கைப் பார்த்துவிட்டார். எனக்கு வேண்டியவர் என்று இதை நான் மறைத்தால், வேண்டாதவர்களிடம் நாங்கள் காட்டும் கண்டிப்புக்கு அர்த்தமில்லை. தயவுசெய்து பூட்டை எடுத்துவிடுங்கள்.

உமைமா


வாணியம்பாடி
8 மார்ச் 2025

உமைமாவுக்கு,

நோன்பு நேரத்தில் கோபப்படக் கூடாது. நாக்கைக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ஆறாம் வகுப்புக் கணக்கு என்று எழுதியிருக்கிறாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாயா?

சொந்தக்காரருக்குத் தொண்ணூறு நாள் கொடுப்பார்களாம். என் பூட்டுக்கு எனக்கே நாள் குறித்துக் கொடுக்க நீங்கள் யார்? உன் ஜெயப்பிரகாஷ் தோலைத் தொட்டிருக்கிறாரா? உப்பு போடாத தோல் ஜூன் மாத வெயிலில் எத்தனை நேரம் தாங்கும் என்று அவரிடம் கேள்.

நீ கண்டுபிடித்தது கண்டுபிடிப்பே இல்லை. அந்த எண் எல்லாப் பூட்டிலும் இருப்பது தப்பு இல்லை. அதை வைத்தவன் நான். தெரிந்தேதான் வைத்தேன். என் பழைய கம்ப்யூட்டர் ராவும் பகலும் ஓடி, புகை வராத குறையாக ஒரு பகா எண்ணைக் கொடுத்தது. அது என் எண். ஒவ்வொரு பூட்டிலும் ஒரு பாதி மதரசாவுடையது, ஒரு பாதி என்னுடையது. துண்டுக்கு அடியில் தரகன் கை இல்லாமல் எந்த வியாபாரம் நடந்திருக்கிறது?

அதனால் என்ன பிரயோஜனம் என்று கேட்பாய். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் உமர் ஃபாரூக் போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு வந்து நின்றார். "பாஷா பாய், சாவி பூட்ச்சு. இன்னா பண்றது?" வாசலில் தோல் குவிந்து கிடக்கிறது. என் எண்ணை வைத்து நான்தான் அவர் சாவியை மறுபடி செய்து கொடுத்தேன். அஸருக்குத் திறந்தார். உன் படித்த பூட்டாக இருந்தால் மறுபடி குழிதான் தோண்டியிருக்க வேண்டும்.

என்ன எண் என்று யாரும் கேட்கவில்லை. துண்டுக்கு அடியில் என் கை எதற்கு என்றும் யாரும் கேட்டதில்லை. ஏனென்றால் அது சர்தார் பாஷாவின் கை.

பூட்டை எடுக்க மாட்டேன்.

சர்தார் பாஷா


கொல்கத்தா
15 மார்ச் 2025

மாமூ,

ஆறாம் வகுப்பு என்று நான் யோசிக்காமல் எழுதினேன். அது குத்தும் என்று தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை. தபால் பெட்டிக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். நான் நினைத்ததைவிட இது மோசம். தெரியாமல் நடந்த தப்பு என்றால் யாரும் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் தெரிந்தே வைத்தேன் என்கிறீர்கள். அப்படியென்றால் நான்கு வருஷமாக எல்லா வியாபாரிகளின் விலையையும் நேரத்துக்கு முன்னால் திறந்து பார்க்க உங்களால் முடிந்திருக்கிறது. இது சுஹேல் பாய்க்குத் தெரியுமா? ஹம்மாத் பாய்க்கு? உமர் சாச்சாவுக்காவது, சாவியை எப்படிச் செய்தீர்கள் என்று தெரியுமா?

நான் சந்தேகப்படவில்லை. அதைத் திரும்பவும் எழுதுகிறேன், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நான் சந்தேகப்படாதது போதாது மாமூ. நல்ல பூட்டு என்றால் அதைச் செய்தவனையும் நம்பத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். எங்கள் வேலை முழுக்க அந்த ஒரு வரிதான்.

உமைமா


வாணியம்பாடி
24 மார்ச் 2025

உமைமா,

செய்தவனை நம்பத் தேவையில்லாத பூட்டு. இந்த வரியை இரண்டு நாளாக வாயில் போட்டு மென்றேன். நல்ல வரி. யாரையும் நம்பாதவர்கள் ஊரில் குடியிருக்கத் தோதாக இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி. சுற்றி வளைக்காமல் ஒரு சொல்லில் பதில் வேண்டும். நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை உன் கணக்கால் நிரூபிக்க முடியுமா?

சர்தார் பாஷா


கொல்கத்தா
1 ஏப்ரல் 2025

மாமூ,

ஈத் முபாரக்.

முடியாது.

ஒரு சொல் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். மிச்சத்தையும் படியுங்கள். ஒருவர் திறந்தார் என்றால் சில சமயம் தடயம் கிடைக்கும். திறக்கவில்லை என்பதற்குத் தடயம் கிடையாது. நடக்காத ஒன்றுக்கு எந்தக் கணக்கும் சாட்சி சொல்லாது. அதனால்தான் திறக்கவே முடியாதபடி செய்ய வேண்டும் என்கிறோம். பிற்பாடு யாரும் உங்களைக் கேள்வி கேட்கும் நிலைமையே வராது.

இரண்டு பேரும் சேர்ந்து புதுப் பூட்டு செய்யலாம். ஒவ்வொரு மதரசாவுக்கும் இரண்டு புது பகா எண்கள், எதிலும் எதுவும் பொது இல்லாமல். சாவி தொலைந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள், நியாயமான கேள்வி. சாவியை மூன்று துண்டாக்கி மூன்று பேரிடம் கொடுக்கலாம். எந்த இரண்டு பேர் சேர்ந்தாலும் திறக்கும், தனியாக ஒருவரால் முடியாது. அந்த மூவரில் ஒருவர் நீங்களாக இருங்கள். உங்கள் கை துண்டுக்கு அடியில் இருக்கட்டும். தனியாக மட்டும் வேண்டாம்.

பதில் போடுங்கள்.

உமைமா


கொல்கத்தா
28 ஏப்ரல் 2025

மாமூ,

பதில் வரவில்லை. நீங்கள் தினமும் தபால் ஆபீஸ் வரை போய்விட்டு எதையும் போடாமல் திரும்புகிறீர்கள் என்று அம்மீ சொன்னாள். கவுண்ட்டரில் இருக்கும் வசந்த் அண்ணா, "இன்னா பாய், கல்கத்தாவுக்குப் போற கடிதாசி பாக்கெட்லயே பழுக்குதா?" என்று கேட்டாராம். நீங்கள் அப்படியே திரும்பி நடந்துவிட்டீர்களாம்.

இங்கே என் நிலைமையும் அதுதான். தேதியைப் பக்ரீத்துக்குப் பிறகு தள்ளலாமா என்று ஜெயப்பிரகாஷிடம் கேட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பக்ரீத்துக்கு முன்னால தெரிஞ்சாத்தான அந்த ஏழைப் புள்ளைங்களுக்கு உபயோகம்? யாருக்காகத் தள்றீங்க, உமைமா?" என்றார். தேதியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் செய்திருக்கிறேன். கட்டுரையில் உங்கள் பெயர் கிடையாது, ஊர் பெயர் கிடையாது, தோல் என்ற சொல்கூடக் கிடையாது. "தென்னிந்தியாவில் ஒரு சந்தையில் பயன்பட்ட கைவினைப் பூட்டு" என்று மட்டும் இருக்கும். அந்த எண்ணையும் அச்சிட மாட்டோம்.

உமர் சாச்சாவுக்கு விஷயத்தைச் சொல்லி ஒரு கடிதம் எழுதி உறையில் வைத்திருக்கிறேன். மே 29க்கு முன் அனுப்ப மாட்டேன். அதற்குள் நீங்களே அவரிடம் பேசினால் கிழித்துவிடுவேன்.

உமைமா


வாணியம்பாடி
6 மே 2025

உமைமா,

என்னை வேவு பார்க்க உன் அம்மாவை ஒற்றன் வேலைக்கு வைத்திருக்கிறாய். வைத்தது வைத்தாய், வாய் இல்லாத ஒற்றனாக வைத்திருக்கலாம். பூட்டு எண்களை உனக்கு அனுப்பினாளே சைரா, எதற்கு அனுப்பினாள் என்பதை ஹம்மாத் பெண்டாட்டி லுப்னாவிடம் சொல்லியிருக்கிறாள். "எங்க உமைமா பாஷா பாயோட பூட்டைத் தொறந்துட்டா" என்று பெருமை பேசியிருக்கிறாள். மகள் பெருமை. அண்ணன் மானம் அவளுக்கு எங்கே ஞாபகம் வரும்?

நேற்று டீக்கடையில் ஹம்மாத் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தான். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டான்.

"பாய், போன வருசம் பேரணாம்பட்டுத் தோலை சுஹேல் பாய் மயிரிழையில அடிச்சாரே. என் விலைக்கு மேல கொஞ்சூண்டு. அது எப்டி பாய்?"

"அவர் நசீப். அதிர்ஷ்டக்காரர்" என்றேன்.

"நசீப்பா, உங்க விரலா?"

கையில் இருந்த கிளாஸைக் கீழே போட்டேன். உடைந்தது. உடைந்த கிளாஸுக்குக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஹம்மாத்திடம் என்ன சொல்வது? "முடியாது" என்று நீதான் எழுதிவிட்டாயே. பார்த்தேன் என்று ஒருவன் சொன்னால், இல்லை என்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. துண்டுக்கு அடியில் நின்றபோதும் இல்லை. அப்போது யாரும் கேட்கவில்லை.

நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. பஸ் ஏறி ஆலங்காயம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பி வருகிறேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

பூட்டை எடுக்க மாட்டேன். முன்பு எடுத்திருந்தால் மரியாதை. இப்போது எடுத்தால் ஹம்மாத் சொன்னதை ஒத்துக்கொண்டது ஆகும். உமருக்கு நீ கடிதம் போட்டால், அதற்குப் பிறகு என் பெயரை உன் வாயால் சொல்லாதே.

சர்தார் பாஷா


கொல்கத்தா
14 மே 2025

மாமூ,

அம்மீயோடு சண்டை போட்டேன். அவள் அழுதாள். பூட்டு எண்களை அவளிடம் கேட்டு வாங்கியது நான். எதற்கு என்று யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல மறந்ததும் நான். ரகசியம்தான் என் தொழில், அதை என் வீட்டிலேயே காப்பாற்றத் தெரியவில்லை. இதற்கு மேல் நீங்கள் என்ன திட்டினாலும் சரி.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். எடுத்தாலும் பேசுவார்கள், எடுக்காவிட்டாலும் பேசுவார்கள். ஹம்மாத் பாய்க்குப் பாதிதான் தெரியும். பூட்டை நான் திறந்தேன் என்று தெரியும். உங்கள் எண் எல்லாவற்றிலும் இருக்கிறது என்று தெரியாது. அது மே 29க்குப் பிறகு தெரியும், யார் வாயாலாவது. உங்கள் வாயால் தெரிவதும் உமர் சாச்சா கையில் என் உறையால் தெரிவதும் ஒன்றா?

தேதி மாறாது. "இந்தப் பிடிவாதம் உனக்கு எங்கேர்ந்துடி வந்துச்சு?" என்று அம்மீ கேட்டாள். கேட்பானேன், அவளுக்குத் தெரியும்.

உமைமா


கொல்கத்தா
30 மே 2025

மாமூ,

நேற்று கட்டுரை வெளியானது. ஒரு பிரதி இதோடு இருக்கிறது. இங்கிலீஷில்தான். பதினோராம் பக்கத்தில் கோடிட்ட இடம் நீங்கள். சொன்னபடி பெயர் இல்லை.

உமர் சாச்சாவுக்கு எழுதிய உறையை நேற்றுக் காலை தபாலில் போடக் கிளம்பினேன். வாசலில் அம்மீயின் போன். 28ஆம் தேதியே நீங்கள் மதரசா சுவரில் ஏதோ ஒட்டிவிட்டீர்கள், ஊரே கூடிவிட்டது, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நீங்கள் வெளியே வரவில்லை என்றாள். என்ன ஒட்டினீர்கள் என்று கேட்டால், "ஒரே நம்பர்டீ, தாள் முழுக்க நம்பர்" என்கிறாள்.

உறையைக் கிழித்துவிட்டேன்.

மாமூ, எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

உமைமா


கொல்கத்தா
9 ஜூன் 2025

மாமூ,

ஈத் முபாரக். நேற்று முன்தினம் மதரசா வாசலில் நீங்கள் துண்டு போட்டதாக அம்மீ சொன்னாள். பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்ததால் அவளுக்கு முதுகுகள்தான் தெரிந்ததாம். ஹம்மாத் பாய் கை வைத்தார் என்கிறாள், சுஹேல் பாய் போய்விட்டார் என்கிறாள், மேற்கொண்டு கேட்டால் குழப்புகிறாள்.

நான் இங்கே உட்கார்ந்துகொண்டு தவிக்கிறேன். என்ன நடந்தது? தோல் போனதா? என்ன விலைக்கு முடிந்தது? நல்ல விலையா? ஊருக்குச் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்கள். என்னால் அந்தப் பிள்ளைகளுக்கு நஷ்டம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை.

உமைமா


வாணியம்பாடி
16 ஜூன் 2025

உமைமாவுக்கு மாமூ எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேசாதே.

மே 28 காலை அந்தப் பகா எண்ணை என் கையால் பெரிய தாளில் எழுதினேன். அச்சடிக்கவில்லை. கீழே இப்படி எழுதினேன்: "இந்த எண் எல்லாப் பூட்டிலும் இருக்கிறது. வைத்தவன் நான். இதை வைத்துக்கொண்டு எல்லா விலையையும் நான் திறந்திருக்க முடியும். திறக்கவில்லை. சர்தார் பாஷா." மதரசா சுவரில் ஒட்டினேன். உன் தேதிக்கு ஒரு நாள் முன்னால். நீ சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது என்று ஒருவனும் சொல்லக் கூடாது.

தப்பு என்று அதில் எழுதவில்லை, கவனித்துக்கொள். இருக்கிறது என்றுதான் எழுதினேன்.

பிறகு நடந்தது நீ எதிர்பார்த்ததுதான். எண் கிடைத்ததும் வியாபாரிகள் வீட்டுப் படித்த பிள்ளைகள் குரூப்பில் கிடந்த நான்கு வருஷத்து விலைகளையும் திறந்துவிட்டார்கள். யார் எவ்வளவு சொன்னார்கள், யார் ஏமாந்தார்கள், எல்லாம் அம்பலம். சுஹேல் அகமது வீட்டு வாசலுக்கே வந்தார். உள்ளே வரவில்லை. "நீங்க பாத்தீங்களோ பாக்கலையோ, அது அல்லாவுக்குத் தெரியும். ஆனா இப்ப ஊரே பாத்துச்சே பாய். என் வேட்டியை நீங்கதான் அவுத்தீங்க" என்றார். முப்பது வருஷ தோஸ்த். அவர் சொன்னது சரி.

பக்ரீத் அன்று தோல் வந்து குவிய ஆரம்பித்தது. பூட்டு செத்துவிட்டது. வேறு வழி யாருக்கும் தெரியவில்லை. உமர் ஃபாரூக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். நான் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினேன். வெள்ளைத் துண்டு, வீட்டில் உன் முமானி, என் பெண்டாட்டி, துவைத்து வைத்தது. வாசல் நடுவில் போய் நின்றேன்.

ஒருத்தனும் வரவில்லை. வெயில் ஏறுகிறது. ஈ மொய்க்கிறது. விற்கும் பக்கம் உமர் கையை வைத்துவிட்டார், வாங்கும் பக்கம் காலி. துண்டைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பதை ஊரே பார்க்கிறது. சுஹேல் என்னைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை பேசவில்லை.

கடைசியில் வந்தவன் ஹம்மாத். சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தான்.

"கையை வெக்கறேன். வெச்சா நம்பறேன்னு அர்த்தம் இல்ல, பாய்."

"நம்பச் சொல்லி நான் கேக்கல. விரலை நேரா வெய்."

"கிளாஸை என் மேல எறியாம கீழ போட்டீங்களே அன்னிக்கு. அதுக்காகத்தான் வந்தேன்."

"எறிஞ்சிருக்கணும்" என்றேன்.

சிரித்தான். இந்தத் தடவை புரையேறவில்லை. கை உள்ளே வந்தது. உமர் விரலைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். என் கை நடுவில். ஹம்மாத்துக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள், பிறகு ஆம்பூர்க்காரர் ஒருவர் வந்தார். முடிந்தபோது மண்டியிலிருந்து உப்பு மூட்டை வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் குழி தோண்டவில்லை. அது மட்டும் உனக்குப் போதும்.

இனி உன் கட்டுரை விஷயம். இங்கிலீஷ் தெரிந்த ஜெராக்ஸ் கடைப் பையன் நவீன்குமாரிடம் கொடுத்து, கடையிலேயே உட்கார வைத்து, பதினோராம் பக்கத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். "தென்னிந்தியாவில் ஒரு சந்தை." எந்தச் சந்தை? "கைவினைப் பூட்டு." யார் கை? என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து என்னை இல்லாமலே ஆக்கிவிட்டாய். உடைந்த பூட்டாக இருந்தாலும் செய்தவனுக்குப் பெயர் உண்டு. ஊரில் சுவரில் ஒட்டிய பெயரை உன் புத்தகத்தில் ஏன் ஒளிக்கிறாய்? திருத்தி அச்சிட வழி உண்டு என்று நவீன்குமார் சொல்கிறான். இப்படிப் போடு: சர்தார் பாஷா, தோல் தரகர், வாணியம்பாடி. எண்ணையும் முழுதாகப் போடு. ஒரு இலக்கம் விட்டுப்போனால் அது என் எண் இல்லை.

சாவியை மூன்று துண்டாக்குவது பற்றி எழுதியிருந்தாய். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கணக்கை மட்டும் எழுதி அனுப்பு. குறை கண்டுபிடிக்க வேண்டும்.

போன் பிளாக்கை எடுக்கவில்லை. தபால் நன்றாகத்தான் போகிறது.

கடைசியாக, என்ன விலைக்கு முடிந்தது என்று கேட்டிருக்கிறாய். ஊருக்குச் சொல்ல வேண்டாம், உனக்கு மட்டும் சொல் என்கிறாய். அதைச் சொல்ல மாட்டேன். உனக்கும் சொல்ல மாட்டேன்.

சர்தார் பாஷா